ஐந்து ஆம்பியர் வீடு

கொடைக்கானலில் கரண்டு இழுத்துக்கொண்டவர்களில் பாதிப் பேருக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. பக்கத்துப் பங்களாக்காரன் இழுத்துவிட்டான், அது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். ஒயர்மேனாக அந்த ஊரில் இருந்த ஏழு வருஷமும் வீடு வீடாக ஏணி போட்டு ஏறி இதைத்தான் பார்த்தேன். மதுரையில் ஒரு கான்டிராக்டரிடம் வேலை பழகி, அவர் மலையில் எடுத்த வேலைகளுக்காக மேலே அனுப்பப்பட்டவன் நான். லைசென்சு சர்க்கார் கொடுத்தது, தோல்பை கான்டிராக்டர் கொடுத்தது, மூக்கின் மேல் நின்ற கோபம் மட்டும் என் சொந்தம்.

கோபப்படாமல் என்ன செய்வது? பஜாரில் ஒரு பெரிய மனிதர், கம்பத்து ஒயர் கறிக்கடை வாசலைத் தாண்டித்தானே வருகிறது, அந்தக் கரண்டு என் பூஜை அறைக்குள் எப்படி நுழையலாம், வேறு பக்கமாகச் சுற்றிக் கொண்டுவா என்றார். சீசன் முடிந்து கீழே இறங்கிய ஒரு வக்கீல், பல்புகளையெல்லாம் கழற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, நான் இல்லாதபோது காவல்காரன் கரண்டை எடுத்து வெளியில் விற்றுவிட மாட்டானே என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். சட்டம் படித்தவர். இவர்களுக்குப் படிக்காதவர்கள் எவ்வளவோ மேல். பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு வருகிற ஆள், "இது தொட்டா ஆளக் கொன்னுருமாமே" என்று கேட்டுவிட்டு ஐந்தடி தள்ளி நின்றுகொள்வான். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொள்ளும் அந்தப் புத்தியைப் பங்களாக்களில் நான் பார்த்ததில்லை.

ஒரு பங்களாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவை சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை.

ஏரிக்கு மேலே சரிவில் இருந்தது அது. ஒரு வெள்ளைக்காரன் தனக்கென்று கட்டி, ஊருக்குக் கரண்டு வந்ததும் கூடவே நின்று ஒயர் போட்டுக்கொண்ட வீடு. உலகச் சண்டை தொடங்கியதும் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான். வாங்கியவர் பழனிக்காரர். அடிவாரத்தில் இரண்டு கடை, காவடி எடுத்து வருகிறவர்கள் தங்க ஒரு பெரிய விடுதி, தலைமுறை தலைமுறையாக யாத்திரைக்காரர்களை வைத்துப் பிழைத்த குடும்பம். ஐம்பது வயதிருக்கும். எதிரே இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும், அவர் குரல் தானாக இருநூறு பேருக்குப் பேசும். வீட்டில் அவர், அவர் மனைவி, ஒரு சமையல்காரர், பின்னறையில் அவருடைய தங்கை. அவ்வளவு பேர்தான்.

தங்கை விதவை. நெஞ்சு வியாதி வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. மலைக்காற்று நல்லது, ஆனால் அறை எந்நேரமும் கதகதப்பாக இருக்க வேண்டும், குளிர் ஏறினால் மூச்சு அடைத்துவிடும், கரியடுப்புப் புகை ஆகவே ஆகாது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்களில் கரண்டு ஹீட்டர் ஒன்று இருந்தது. அதை அந்த அறையில் வைத்திருந்தார்கள். அந்தத் தங்கை உயிரோடு இருந்தது அந்த ஹீட்டரால்தான். பங்களா வாங்கினதே தங்கச்சிக்காகத்தான் என்று அண்ணன் பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நானும் நம்பினேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, அந்தச் சமையல்காரர் மழையில் நனைந்துகொண்டு நான் தங்கியிருந்த இடத்துக்கு வந்தார்.

"வெரசா வாங்க. மூணு வெள்ளிக்கெழம லைட்டு போச்சு. போன வெள்ளி போகல, ஆனா ஹால்ல என்னமோ கருகுற வாட வந்துச்சு. அய்யா கையோட கூட்டியாரச் சொன்னாரு."

"மூணு வெள்ளி போச்சுன்னா அப்பவே ஏன் வரல?"

"பழனியில போயிக் குறி கேட்டாங்க. பூசணிக்கா ஒடச்சாங்க. அப்பறந்தான் ஒங்க நெனப்பு வந்துச்சு."

அவர் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. சிரிப்பு வருகிற கட்டத்தை நான் தாண்டி ரொம்ப நாளாகியிருந்தது.

வழியெல்லாம் அவரைத் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் புரிந்தது. பொழுது சாய்ந்து ஏற்றிய விளக்கை வெள்ளிக்கிழமையில் கையால் அணைக்கக்கூடாது என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் வீட்டிலும் உண்டு. ஒரு குத்துவிளக்கு, மாடத்தில் ஓர் அகல், எண்ணெய் தீர்ந்தால் தானாக அடங்கும். வீட்டுக்காரரின் மனைவி, அந்த வீட்டு அம்மாள், இதைப் பல்புக்கும் நீட்டிவிட்டார். வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் பொழுது சாய்ந்தால் வீட்டில் உள்ள அத்தனை பல்பையும் போட வேண்டும். விடிகிற வரையில் ஒரு ஸ்விட்சையும் ஒருவரும் தொடக்கூடாது. மற்ற நாட்களில் ஒன்றிரண்டு பல்பு எரியும், பின்னறையில் ஹீட்டர் எரியும், ஒரு தொந்தரவும் இல்லை. வெள்ளிக்கிழமையில் அத்தனை பல்பும் ஹீட்டரும் சேர்ந்து எரிந்தால் பியூஸ் போகிறது. பியூஸ் போனால் வீடே இருட்டாகிறது. வெள்ளிக்கிழமை விளக்கு தானாக அணைந்தால் அபசகுனம். அணைத்தது ஆண்டவனா, கண்ணேறா, செய்வினையா என்று மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அணைத்தது பியூஸ். அதன் வேலையே அதுதான்.

போய்ப் பார்த்தால் மெயின் போர்டுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். ஐந்து ஆம்பியருக்கான மயிரிழை போன்ற ஈயக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், முறுக்கிய இரும்புக் கம்பி ஒன்று திருகி வைத்திருந்தது. சுவரில் படம் மாட்டுகிற கம்பி.

"இத யாரு போட்டது?"

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். "நான்தான். அந்தப் பிசாத்துக் கம்பி மூணு தடவ அறுந்துபோச்சு. இது முருகன் படத்துல இருந்த கம்பி. போன வெள்ளி அசையாம நின்னுச்சு பாத்தியா."

சொன்னவர் முகத்தில் பெருமை வழிந்தது. பியூஸ் கம்பி அறுந்துபோவதற்கென்றே இருப்பது. ஒயர் தாங்குவதற்கு மேல் கரண்டு ஓடினால், ஒயர் சூடேறிச் சுற்றியிருக்கிற மரத்தைப் பற்றவைப்பதற்குள் அது தன்னை அறுத்துக்கொண்டு வழியை அடைத்துவிடும். அது அறுந்துபோகாமல் நின்றால் அடுத்துப் பற்றுவது வீடு. இதை அவரிடம் சொன்னேன். சாமி கம்பி இருக்கும்போது வீடு எப்படி எரியும் என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையில் திருப்புளி இருந்ததால் விட்டேன்.

ஒரு வீட்டின் கரண்டு லயனில் சுமை கூடிவிட்டதா என்று பார்க்க மாயமந்திரம் வேண்டாம். கூட்டத் தெரிந்தால் போதும், வகுக்கவும் தெரிந்தால் இன்னும் நல்லது. அந்த வீட்டில் எல்லாம் ஒரே லயன். வெள்ளைக்காரன் விளக்குக்காக மட்டும் போட்டது, அப்போது குளிருக்கு அவன் விறகு எரித்தான், ஹீட்டர் பின்னால் வாங்கியது. முதலில் அறை அறையாகப் போய் லயனில் என்னென்ன தொங்குகிறது என்று எழுதினேன். பல்பின் நெற்றியிலேயே வாட் பொறித்திருக்கும். அறுபது வாட்டில் பதினேழு. பூஜை அறையில் மட்டும் நூறு வாட்டில் ஒன்று. ஆக ஆயிரத்து நூற்றிருபது. ஹீட்டரின் தகட்டில் ஆயிரம் என்று இருந்தது. இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்து நூற்றிருபது வாட். அதை இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஒயரின் யோக்கியதை ஐந்து.

தாள் கணக்கை மட்டும் நம்புகிறவன் நான் இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பூஜை அறை நூறு வாட்டை மட்டும் போட்டேன். மீட்டருக்குள் தெரிகிற சக்கரம் அரை நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று சோம்பலாகச் சுற்றியது. பிறகு அத்தனை பல்பையும் ஹீட்டரையும் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு சுற்று. நிமிஷத்துக்கு இரண்டு என்றால் நூறு வாட், நாற்பத்திரண்டு என்றால் இரண்டாயிரத்து நூறு. தாளும் சக்கரமும் ஒன்றையே சொல்லின.

பட்டப்பகலில் இத்தனை விளக்கா என்று அம்மாள் ஓடி வந்தார். விரல் விட்டு என்னவோ எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வியாழக்கெழமதான, அணைச்சுக்கங்க" என்று பெரிய மனது பண்ணி உத்தரவு கொடுத்தார். மறுநாள் வந்திருந்தால் நான் விடிய விடிய அங்கேயே நிற்க வேண்டியிருந்திருக்கும்.

கால் மணி நேரம் எரியவிட்டு, ஹால் சுவரில் ஒயர் ஓடுகிற, மூடிபோட்ட மரச்சட்டத்தின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. மெயினை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். இரண்டு ஒயர் சேர்கிற முடிச்சில் ரப்பர் உருகி வழிந்து, அடிமரம் விரல் அகலத்துக்குக் கரியாகியிருந்தது. முந்தின வெள்ளிக்கிழமை அந்த வீடு பற்றாமல் இருந்தது மழை ஈரத்தின் புண்ணியம். வீட்டுக்காரர் அதை வேறொருவர் கணக்கில் எழுதிக்கொண்டார். முடிச்சை வெட்டிப் புதிதாகப் போட்டு மூடினேன்.

அதன் பிறகு ஹீட்டர் ஒயர் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பின்னறைக்குப் போனேன். தகடு பார்க்கப் போனபோது படுக்கையிலிருந்த அந்த அக்கா கண்ணை மூடியிருந்தார், பேசவில்லை. இப்போது விழித்திருந்தார். நாற்பது வயது சொல்லலாம். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். கைகள் கம்பளிக்கு வெளியே ஹீட்டர் பக்கம் நீண்டிருந்தன.

"கணக்கு எவ்ளோ வந்துச்சு தம்பி?"

அந்த வீட்டில் என்னிடம் கணக்கு கேட்டவர் அவர் ஒருவர்தான். "ஒம்பதுக்கு மேல வருது அக்கா. லயனு அஞ்சுதான் தாங்கும்."

"இது மட்டும் எரிஞ்சா?" ஹீட்டரைக் கண்ணால் காட்டினார்.

"நாலரைக்கு உள்ள."

"அப்பக் கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல. அந்த மிச்சத்துல எத்தன லைட்டு எரியும்?"

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். "அறுவதுல ரெண்டு எரியலாம்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "சாமி ரூம்ல நூறு இருக்கு. அத எடுத்துட்டு அறுவது போட்டா, சாமிக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு. வெள்ளிக்கெழமைக்கு அது பத்தாதா? ஏத்துன விளக்கத்தான அணைக்கக் கூடாதும்பாங்க. இருக்குறது எல்லாத்தயும் ஏத்தணும்னு யாரு சொன்னா?"

ஏழு வருஷத்தில் எந்தப் பங்களாவிலும் இப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்ததில்லை. வழக்கமும் கெடாது, சாமியும் கோபித்துக்கொள்ளாது, ஒயரும் சுடாது. மூன்று வாரம் குறி கேட்டவர்களுக்கும் வராதது, லைசென்சு வைத்திருக்கிற எனக்கும் வராதது, படுக்கையில் கிடந்தவருக்கு வந்துவிட்டது. அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

"அண்ணங்கிட்ட நீங்களே சொல்லிருங்க தம்பி. நான் சொன்னா எடுபடாது. தாலியறுத்தவளுக்கு வீட்ல விளக்கு எரியிறது பொறுக்கலன்னு மதினி பேசுவாங்க. ஒயர்மேன் சொன்னா கணக்குன்னு கேப்பாங்க."

"சொல்றேன் அக்கா."

"மொதல்ல பீஸ் போன வெள்ளிக்கெழம இதுவும் அணைஞ்சு கெடந்துச்சு. விடியிற மட்டும் எனக்கு மூச்சு இல்ல. இன்னொரு தடவன்னா தாங்க மாட்டேன்."

"கண்டிப்பாச் சொல்றேன்" என்றேன்.

முன்பக்கம் வந்து படக் கம்பியைத் தூக்கிவிட்டுப் பியூஸ் கட்டையில் முறையான ஐந்து ஆம்பியர் கம்பியைப் போட்டேன். பிறகு ஹாலுக்குப் போனேன். பழனியிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்குச் சபை கூடிவிட்டது.

"என்னப்பா, பாத்தாச்சா? இவன் ஒயர்மேன். எங்க வீட்டுக் கரண்டுக்குக் காச்சலான்னு தொட்டுத் தொட்டுப் பாக்குறான்" என்று அவர்களிடம் சொன்னார்.

"லயனு அஞ்சு ஆம்பியர்தாங்க தாங்கும். வெள்ளிக்கெழம ஒம்பது போகுது. ஹீட்டருக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்தாச் சரியாப் போகும். சண்டை நேரம், மதுரையிலயே ஒயர் இல்ல. எழுதிப்போட்டா வர ஒண்ணர மாசம் ஆகும். அதுவரைக்கும்..."

"அஞ்சு ஒம்பதுன்னு எங்கிட்ட வாய்ப்பாடு சொல்லாத. வெள்ளக்காரன் போட்ட ஒயரு, பத்துத் தலமொறைக்கு நிக்கும். வெள்ளிக்கெழம எங்க வீட்ல விளக்கு அணையக் கூடாது. அதுக்கு வழி சொல்லு. மத்தது ஒன் சோலி இல்ல."

வந்திருந்தவர்களில் ஒருவர், "வேலைய இழுக்குறதுக்கு இவங்க இப்பிடித்தான் பயங்காட்டுவாங்க" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. படக் கம்பியைக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் மேசைமேல் போட்டேன். "சரியான பீஸ் போட்டுட்டேன். இனிமே விளக்கும் ஹீட்டரும் சேந்து ஓடாது. ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. இந்தக் கம்பியத் திருப்பி மாட்டுனா வீடு எரியும். எரிஞ்சா என்னக் கூப்புடாதீங்க."

பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். நறுக்கென்று கொடுத்துவிட்டோம் என்று மனம் குளிர்ந்தது. அந்த மூன்று பேரின் வாய் அடைத்துப்போனதை நினைத்து நினைத்துப் பார்த்தபடி ஏரிக்கரை வரையில் வந்தேன். அங்கே வந்த பிறகுதான் அக்கா சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை என்று உறைத்தது.

நின்றேன். திரும்பிப் பார்த்தால் மேலே பங்களா பனிமூட்டத்துக்குள் இருந்தது. ஏற்றம் கால் மணி நேரம். சாமிக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்வதற்காக அந்த நாற்காலிகளின் முன்னால் மறுபடி போய் நிற்க வேண்டுமா என்று யோசித்தேன். அந்த முட்டாளிடம் எதற்கு இன்னொரு தடவை வாய் கொடுப்பது? இரண்டில் ஒன்று என்று சொல்லியாகிவிட்டது. ஒரு பக்கம் பதினெட்டு பல்பு, ஒரு பக்கம் கூடப் பிறந்தவள் மூச்சு. எதை நிறுத்துவது என்று ஒரு மனிதனுக்கு ஒயர்மேன் வந்து சொல்லித்தர வேண்டுமா? இப்படிச் சொல்லிக்கொண்டு பஜாரைப் பார்த்து நடந்தேன். அவரை இவ்வளவு கேவலமாக நினைத்தவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை ஏன் அவ்வளவு உயர்வாக நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஏற்றம் ஏறச் சோம்பல்பட்டேன் என்பதுதான் உண்மையாக இருக்கும்.

அன்றைக்கே கான்டிராக்டருக்கு ஒயர் கேட்டு எழுதிப்போட்டேன். அதோடு என் கடமை முடிந்ததாக எண்ணம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்து விடுதியில் வேலை வந்தது, அதற்குப் பின் வேறொரு பங்களா. கார்த்திகை பிறந்தது.

கார்த்திகை மாதம் முழுக்க அந்தியில் வாசலுக்கு விளக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. கவுஞ்சியிலிருந்து வருகிற கூலிக்காரர்கள் குடிசையில்கூட ஓர் அகல் எரியும். எனக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்கே அத்தனை பல்பையும் போட்ட அம்மாள் கார்த்திகைக்கு என்ன செய்வார் என்று நான் யோசிக்கவில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி அந்தியில் பஜாரில் டீக் குடித்துக்கொண்டு நின்றேன். ஏரிக்கு மேலே அந்தப் பங்களா ஒட்டுமொத்தமாக எரிந்தது. எல்லா ஜன்னலும், வராந்தாவும், வாசல் தூணும் பளிச்சென்று இருந்தன. அடுத்த நாளும் அப்படியே. தினமும் அப்படியே.

"பழனிக்காரர் வீட்டப் பாருங்க, ஜெகஜோதியா இருக்குல்ல" என்று டீக்கடைக்காரர் சந்தோஷப்பட்டார்.

நான் காறித் துப்பினேன். படக் கம்பியைத் திருப்பி மாட்டிவிட்டான் மடையன், எரிந்து சாம்பலாகட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று நினைத்தேன். அந்த வீட்டுக்குள் ஓர் அக்கா படுத்திருக்கிறார் என்பது அப்படி நினைக்கிறபோது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு பல்பும் எரிகிறது, தினமும் எரிகிறது, பியூஸ் போகவில்லை, வீடும் பற்றவில்லை. அப்படியானால் எது எரியவில்லை? ஒன்பதிலிருந்து எதைக் கழித்தால் ஐந்து வரும்? மீட்டர் சக்கரத்தை நிமிஷக் கணக்கில் எண்ணிய கெட்டிக்காரனுக்கு, டீக்கடையில் முப்பது அந்தி நின்றும் இந்தக் கழித்தல் வரவில்லை.

மார்கழி பாதியில் ஒயர் வந்து சேர்ந்தது. மறுநாள் வெள்ளனே சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். புல்லெல்லாம் உறைபனி பூத்து வெள்ளையாகக் கிடந்தது. மூக்கு நுனி மரத்துப்போயிற்று. வழியில் ஒரு பேச்சைத் தயார்பண்ணிக்கொண்டே ஏறினேன். முதலில் படக் கம்பிக்காக நாலு வார்த்தை, அதன்பின் ஹீட்டருக்கு ஒயர் இழுத்துவிட்டு, அக்காவிடம் போய், நான் சொல்ல மறந்துவிட்டேன், இனிமேல் அது தேவைப்படாது என்று சொல்லிவிட வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குத் திருப்தியாக இருந்தது.

கதவைத் திறந்த சமையல்காரர் தோள்சுருளைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

வீட்டுக்காரர் ஹாலில் வெறுந்தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத் தாடி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. நாற்காலிகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"வா தம்பி" என்றார். அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. "நீ சொன்னபடியேதான் செஞ்சோம். ரெண்டுல ஒண்ணுன்னு சொன்னேல்ல, ஒன் பேச்சத் தட்டல. அந்தக் கம்பியத் தூரப் போட்டுட்டேன். கார்த்திக பூராவும் ஒரு நாள்கூட விளக்கு அணையல."

"ஹீட்டரு?"

"பகல்ல போட்டோம். பொழுது சாஞ்சா அணைச்சுருவோம். மூணு கம்பளி போத்துனோம்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ ஒண்ணுமே சொல்லல. ஒயர்மேன் வருவாரு, வந்து சொல்லுவாருன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா. என்னத்தச் சொல்லப் போறாருன்னு கேட்டேன். அவரு வாயால கேளுங்கன்னா. அப்பறம் பேச முடியல. போய் எட்டு நாளாச்சு."

சுருளை எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். அக்கா சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. யாருக்கு உதவ, இனி அதைச் சொல்லி? அவருக்கு வலிக்கட்டும் என்றால் சொல்லலாம். எனக்கு அவ்வளவு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவர் எழுந்து என்னைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையைக் கழுவிச் சுத்தம் பண்ணியிருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் ஒரு படியில் நெல்லும் ஒரு செம்பில் தண்ணீரும் வைத்து, அதற்கு நேர் மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அது எரிந்துகொண்டிருந்தது.

"அவ போன எடத்துல வச்ச வெளக்கு. பதினாறு வரைக்கும் அணையக் கூடாது" என்றார். "லயனு தாங்குமான்னு பாத்துச் சொல்லு தம்பி. ஒன் கணக்க மீறி ஒண்ணும் செய்ய மாட்டோம்."

அண்ணாந்து பல்பின் நெற்றியைப் பார்த்தேன். அறுபது வாட்.

"தாங்கும்" என்றேன்.